கூரைநீரும் தெருநீரும்: திட்டமழை என்பது யாது?

மழையைப் பாடாத புலவர் தமிழ்நாட்டில் இலர். கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். ஆயினும், பெய்த மழை நம் வீட்டுக் கூரையினின்றும் தெருவினின்றும் எவ்வாறு வெளியேறுதல் வேண்டும், அதற்கு எத்துணைப் பெரிய குழாயும் கால்வாயும் வேண்டும் என்று நாம் சிந்திப்பது முற்றத்தில் முழங்காலளவு நீர் நிற்கும்போது மட்டுமே. நீர் வடிந்தபின் அச்சிந்தனையும் உடன்வடிந்து போகின்றது. நீர் செல்லும் வழிகளைக் குறிக்குஞ் சொற்களுக்கு நம் மொழியில் பஞ்சமில்லை. அங்கணம், தூம்பு, சுருங்கை, மதகு, மடை, கலிங்கு, மறுகால் என அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் சுருங்கை என்பது நிலத்தினுள்ளே மறைந்தோடும் நீர்வழி; பண்டைக் காவியங்களில் அச்சொல் வருதலால், பழைய நகரங்களில் அத்தகைய வழிகள் இருந்தன என்று துணியலாம். சொல் உண்டு, பொருளும் இருந்தது. அதன் அளவை எவ்வாறு நிருணயிப்பது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது.

முதலில் ஓர் எளிய கணக்கை மனத்திற் கொள்ளுதல் நலம். ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், அது சரியாக ஒரு லிட்டர் நீராகும். எனவே 100 சதுர மீட்டர் பரப்புள்ள மொட்டைமாடியில் மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதம் மழை பெய்யுமாயின், ஒரு மணியில் 10,000 லிட்டர் நீர் அம்மாடியை விட்டு இறங்கியாதல் வேண்டும். இதில் ‘வீதம்’ என்னுஞ் சொல்லே உயிரானது. நம் பஞ்சாங்கங்கள் இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை என்று ஆண்டு முழுமைக்கும் ஒரே அளவு சொல்லி அமைகின்றன. பத்திரிகைகளோ, நேற்று இன்ன ஊரில் இத்தனை சென்டிமீட்டர் மழை என்று நாள் முழுமைக்கும் ஒரே அளவு சொல்கின்றன. உழவனுக்கு முன்னதும், குளங்காப்பானுக்குப் பின்னதும் பயன்படலாம். கூரைக்குழாய்க்கு இரண்டும் பயன்படா. அக்குழாய் அறிய விரும்புவது, மிகக் கடுமையாகப் பெய்த அந்த ஐந்து நிமிடத்தில் எவ்வளவு பெய்தது என்பதே.

ஓர் எடுத்துக்காட்டால் இது தெளிவாகும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு மழை ஒரே நாளில் பெய்தது என்று அனைவரும் வியந்தனர், குளங்கள் உடைந்தன, ஊர்கள் மூழ்கின. ஆயினும் அப்பெருமழையை 24 மணிக்கும் சமமாகப் பங்கிட்டுப் பார்த்தால், மணிக்கு 40 மில்லிமீட்டரே வருகின்றது. இனி, சித்திரை மாதத்து மாலையில் இடியுடன் கூடிய மழையொன்று மணிக்கு 120 மில்லிமீட்டர் வீதத்தில் இருபது நிமிடம் பெய்வதாகக் கொள்வோம். மொத்தத்தில் அது 40 மில்லிமீட்டர்தான். மறுநாட் பத்திரிகையில் அதற்கு ஒரு வரியும் கிடையாது. குளம் அதனை உணர்வதே இல்லை. ஆனால் கூரைக்குழாய்க்கு அவ்விருபது நிமிடமே பேராபத்து. காயல்பட்டினத்து மழையிலும் சராசரியைப் பன்மடங்கு கடந்த வேளைகள் இருந்திருக்கும் என்பது உண்மையே. எனினும் நாம் கொள்ளவேண்டிய பொருள் இது: கூரை அஞ்சும் மழை வேறு, குளம் அஞ்சும் மழை வேறு.

இவ்விரு அச்சமும் ஒருங்கே குடிகொண்ட நாடு நம் கன்னியாகுமரி மாவட்டம். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இவற்றின் இடையே கோடையின் இடிமழை. பேச்சிப்பாறையை அடுத்த மலைச்சரிவில் பெய்யும் மழைக்கும், காற்றாலைகள் நிரம்பிய ஆரல்வாய்மொழிக் கணவாயின் மழைக்கும், குமரிமுனையின் மழைக்கும் பெரிய வேற்றுமை உண்டு. சில மணி நேரப் பயணத்தில் சுற்றிவரத்தக்க இச்சிறு மாவட்டத்திற்குள்ளேயே ஒரூரின் அளவு மற்றோரூர்க்குப் பொருந்தாது என்றால், பிறநாட்டு நூல்களின் அட்டவணைகளை அப்படியே எடுத்தாள்வது எவ்வளவு பொருந்தும்? இங்கிலாந்தில் 1983-ஆம் ஆண்டு வெளியான கூரைநீர் நெறி, தட்டைக் கூரைகளுக்கு மணிக்கு 75 மில்லிமீட்டர் என்னும் அளவைப் பெரும்பாலும் போதுமெனக் கொண்டது. அந்நாட்டு மென்மழைக்கு அது தக்கதே. நம் நாட்டு இடிமழையின் முன் அவ்வளவு நில்லாது.

இனித் ‘திட்டமழை’ என்பதற்கு வருவோம். எஞ்சினீயர்கள் ‘டிசைன் ஸ்டார்ம்’ என்று வழங்குவதையே நாம் இப்பெயரால் குறிக்கின்றோம். வானத்தினின்றும் பெய்த மழையன்று அது. குழாயையும் கால்வாயையும் அளப்பதற்காக ஏட்டில் பெய்விக்கப்படும் மழை. அதற்கு மூன்று இலக்கணம் உண்டு. எவ்வளவு கடுமையாகப் பெய்வது, எவ்வளவு நேரம் பெய்வது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அவ்வாறு பெய்வது என்பன அவை. மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நேரம் குறையக் கடுமை கூடும். ஆண்டு கூடக் கடுமையும் கூடும். நோவாவின் காலத்துப் பெருமழைக்குக் கால்வாய் வெட்ட எந்த எஞ்சினீயரும் முற்படார். அதற்குப் பேழைதான் செய்யவேண்டும். ஆகையால் எந்த மழை வரையில் தாங்குவது, எதற்கு மேல் தாங்காதென விட்டுவிடுவது என்று எங்கோ ஓரிடத்தில் கோடு கிழித்தே ஆகவேண்டியிருக்கின்றது. கோடு கிழிப்பவன் மனிதன் என்பதை நாம் மறத்தல் கூடாது. இதனைப் பின்னர் விரித்துரைப்போம்.

கடுமையை அறிவதெப்படி? இந்திய வானிலை ஆராய்ச்சித் துறை 1875-ஆம் ஆண்டு தோன்றியது. மழைமானியைக் காலை எட்டரை மணிக்கு நோக்கி, முந்திய 24 மணியின் மழையைக் குறித்தல் அத்துறையின் வழக்கம். ஆகவே நெடுங்காலத்துப் பதிவுகள் பெரும்பாலும் நாட்கணக்கானவை. நிமிடக்கணக்கை எழுதும் தானியங்கி மானிகள் உள்ள இடங்கள் சிலவே. இக்குறையை நிரப்ப அத்துறையார் ஒரு சூத்திரம் வகுத்திருக்கின்றனர்: ஒருநாள் மழையை, வேண்டிய நேரத்தை 24 மணியால் வகுத்து வரும் ஈவின் கனமூலத்தால் பெருக்குக. 200 மில்லிமீட்டர் ஒருநாள் மழையாயின், அதிற் கடுமையான ஒரு மணியில் பெய்வது ஏறத்தாழ 69 மில்லிமீட்டர். கடுமையான பத்து நிமிடத்தில் பெய்வது ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். இப்பத்து நிமிடத்து வீதத்தை மணிக்கணக்காக்கினால் 229 மில்லிமீட்டராகின்றது! நாட்சராசரியோ மணிக்கு எட்டு மில்லிமீட்டர் சொச்சம். சூத்திரம் எல்லா மழைக்கும் ஒருபடித்தாய்ப் பொருந்தாது. நாளெல்லாம் ஒரே சீராய்ப் பெய்யும் புயல்மழையில் மிகையாகவே காட்டும். ஆயினும் எட்டுக்கும் இருநூற்றிருபத்தொன்பதுக்கும் உள்ள தொலைவு, சராசரியை நம்புவோர்க்கு ஓர் எச்சரிக்கையாகும்.

கூரையை நோக்குவோம். பழைய நாஞ்சில் நாட்டு வீடுகள் செங்குத்தாய்ச் சரிந்த ஓட்டுக்கூரை உடையவை. பத்மநாபபுரத்து அரண்மனையைக் கண்டோர், அதன் சரிவுக் கூரைகளையும் தாழ்ந்திறங்கும் இறவாரங்களையும் மறந்திரார். மங்களூரில் 1865-ஆம் ஆண்டு பாசல் மிஷனார் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழியே பரவிய மங்களூர் ஓடு, பின்னாளில் மிஷன் பங்களாக்கள் பலவற்றிற்கும் கூரையாயிற்று. இத்தகைய கூரைக்குத் திட்டமழை ஏறக்குறைய வேண்டுவதில்லை. ஏனெனில் இறவாரத்தின் முழு நீளமும் அதற்கு வாய். எவ்வளவு பெய்தாலும் அவ்வளவும் உடனே கீழே விழும். இரு கூரைகள் கூடும் உள்மடிப்பு ஒன்றே அதன் நலிவான இடம். ஒழுகும் வீடுகள் பெரும்பாலும் அங்கேதான் ஒழுகும்.

கான்கிரீட் மொட்டைமாடியோ நான்கு புறமும் கைப்பிடிச்சுவர் எழுப்பிய ஒரு தொட்டி. அதன் வாய் மூலையிலுள்ள ஒன்றிரண்டு துளைகளே. அத்துளைகள் எத்தனை, எவ்வளவு என்று கேட்டால், நாலங்குலக் குழாய் மூலைக்கு ஒன்று போதும் என்பார் கொத்தனார். அவர் சொல் பல வீடுகளுக்குப் பொருந்தியும் விடும். 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு இதற்கொரு அட்டவணை தருகின்றது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய், அதாவது கொத்தனாரின் நாலங்குலக் குழாய், மணிக்கு 50 மில்லிமீட்டர் மழையில் 85.4 சதுர மீட்டர் கூரைக்குப் போதும். 100 மில்லிமீட்டர் மழையில் 42.7 சதுர மீட்டருக்கே போதும். 200 மில்லிமீட்டர் மழையில் 21.3 சதுர மீட்டருக்கே. நாம் மேலே சொன்ன 100 சதுர மீட்டர் மாடிக்கு, 50 என்று கொண்டால் இரண்டு குழாய். 100 என்று கொண்டால் மூன்று. 200 என்று கொண்டால் ஐந்து. மாடி ஒன்றே, திட்டமழை மாறக் குழாயின் எண்ணும் மாறுகின்றது. விட்டத்தின் ஆற்றலையும் இங்கே கவனிக்கத்தகும். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழையில் 75 மில்லிமீட்டர் குழாய் 20.4 சதுர மீட்டருக்கே போதும். விட்டத்தில் மூன்றிலொரு பங்கு கூட்டி நூறாக்கினால் கொள்திறன் இருமடங்காகின்றது. செலவைக் குறைக்கவெனக் குழாயைச் சிறுப்பிப்பவர் இதனை எண்ணுவதில்லை.

குழாய் போதாவிடின் நேர்வது யாது? மாடியில் நீர் தேங்கும். தேங்குவதால் என்ன கேடு, மெல்ல வடியட்டுமே என்பர் சிலர். 100 சதுர மீட்டரில் பத்து சென்டிமீட்டர் ஆழம் நீர் நின்றால் அதன் எடை 10 டன். மக்கள் ஏறிச் செல்லும் மாடிக்கு, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ பாரம் என்பது நம் நாட்டு நெறி. அஃதாவது பதினைந்து சென்டிமீட்டர் நீர் நின்ற மாத்திரத்தில் அக்கணக்கு முழுவதும் தீர்ந்துபோம். ஒரு பலாவிலையும் ஒரு பந்தும் அடைத்துக்கொண்ட துளையையுடைய மாடியில், முழங்கால் உயரக் கைப்பிடிச்சுவர் நிறையும் வரையில் நீர் நிற்பதற்குத் தடையொன்றுமில்லை. அட்டவணை சொல்லும் ஆற்றலெல்லாம் அடைப்பில்லாத குழாய்க்கே உரியதென்பதையும் நினைவிற் கொள்க.

இங்கே நம் முன்னோரின் குளங்கள் நினைவுக்கு வருகின்றன. மடையொன்றை மட்டும் வைத்து, மறுகால் இல்லாமல் எவரேனும் குளம் வெட்டினரா? மடை அன்றாட நீருக்கு. மறுகால் எதிர்பாராத நீருக்கு. கணக்குக்கு மேல் வரும் வெள்ளம் கரையை உடைக்காமல் தானே வழிந்து செல்லும்படி ஓரிடத்தைத் தாழ்த்தி வைத்தனர். கைப்பிடிச்சுவரில், தளத்துக்குச் சில அங்குலம் மேலே, வெளிநோக்கிய துளையொன்று விடுதல் மொட்டைமாடிக்கு மறுகாலாகும். அதனின்றும் நீர் கொட்டக் கண்டால் குழாய் அடைபட்டது என்பதும் உடனே தெரிந்துபோம். அமெரிக்க நெறிகள், நீர் தேங்கக்கூடிய கூரைகளுக்கு இத்தகைய இரண்டாம் வழியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அங்கே முதல்வழிக்கும் நூறாண்டுக்கு ஒருமுறை பெய்யும் ஒருமணி மழையே அளவு. குளத்தின் கரையில் மறுகாலை மறவாத நாட்டில், மாடியின் கரையில் அதனை மறந்தது விந்தையே.

கூரையை விட்டுத் தெருவுக்கு இறங்குவோம். தெருக்கால்வாயின் அளவுக்கு இன்றும் உலகெங்கும் வழங்குவது மிகப் பழையதொரு முறை. 1851-ஆம் ஆண்டளவில் அயர்லாந்தைச் சார்ந்த மல்வனி என்பார் இதன் கருத்தை வெளியிட்டார்; 1889-இல் அமெரிக்காவில் குய்ச்லிங் என்பாரும், 1906-இல் இங்கிலாந்தில் லாயிட் டேவிஸ் என்பாரும் அதனை நகரக் கால்வாய்களுக்குப் பொருத்தினர். நிலப்பரப்பு, மழையின் கடுமை, பெய்ததில் வழிந்தோடும் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்குவதே அம்முறை. பரப்பை ஹெக்டேரிலும் கடுமையை மணிக்கு மில்லிமீட்டரிலும் கொண்டு, வருவதை 360-ஆல் வகுத்தால், நொடிக்கு இத்தனை கன மீட்டர் என்று விடை கிடைக்கும்.

இம்மூன்றனுள் வழிந்தோடும் பங்கே நம் மாவட்டத்தில் வேகமாய் மாறிவருவது. பத்து ஹெக்டேர் தென்னந்தோப்பில் மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை பெய்யட்டும். மண் பெரும்பகுதியைக் குடித்துவிட, ஐந்திலொரு பங்கு ஓடுமெனக் கொண்டால், கால்வாய்க்கு வருவது நொடிக்கு 0.33 கன மீட்டர். அத்தோப்பை அழித்து மனைகளாக்கி, வீடும் சிமிட்டி முற்றமும் தார்ச்சாலையும் அமைத்தபின் ஐந்தில் நான்கு பங்கு ஓடும். அதே மழைக்கு 1.33 கன மீட்டர் வரும். வானம் மாறவில்லை, கால்வாயும் மாறவில்லை, வரும் நீர் மட்டும் நான்கு மடங்கு. தோப்பின் ஓரத்தில் அன்று வெட்டிய ஓடைமீதுதான் இன்றும் அம்மனைகளின் நீரெல்லாம் விழுகின்றது.

எவ்வளவு நேரத்து மழையைக் கணக்கிற் கொள்வது? திருவிழாவில் தேரடிக்கு வருங் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். அடுத்த தெருவார் முதலில் வருவர். தொலைவூரார் பின்னர் வருவர். தொலைவூரார் வந்து சேரும்போது அடுத்த தெருவாரும் வந்துகொண்டே இருப்பாராயின், அப்பொழுதே கூட்டம் மிகுதி. நீரும் அவ்வாறே. நிலத்தின் கடைக்கோடியில் விழுந்த துளி கால்வாயின் வாயை எட்ட எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் நீடிக்கும் மழையே அக்கால்வாய்க்கு உரிய திட்டமழை. கூரைக்கு அது ஐந்து நிமிடம். சிறு தெருவுக்குக் கால் மணி, அரை மணி. பழையாறு போன்றதொரு ஆற்றுக்குப் பல மணி. சிமிட்டித் தரையில் நீர் விரைந்தோடுவதால் இந்நேரம் குறையும். குறைந்த நேரத்து மழை கடுமை மிக்கதாதலால் கணக்கு மேலும் ஏறும். மேலே நான்கு மடங்கு என்றோம். உண்மையில் அதனினும் மிகும்.

இனி, கோடு கிழிக்கும் செய்தி. ஐம்பதாண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழை என்றால், இவ்வாண்டு பெய்துவிட்டது, இனி நாற்பத்தொன்பது ஆண்டு கவலையில்லை என்று பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் ஐம்பதிலொரு பங்கு வாய்ப்பு என்பதே பொருள். முப்பதாண்டு நிற்கும் ஒரு வீடு அத்தகைய மழையை ஒருமுறையேனும் காண்பதற்கு நூற்றுக்கு 45 பங்கு வாய்ப்பு உண்டு. பத்தாண்டு மழையைப் பத்தாண்டுக்குள் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 65. இவ்வாய்ப்பை அறிந்தே அரசாங்கங்கள் அளவு வகுக்கின்றன. நம் நாட்டில் 1993-ஆம் ஆண்டு வெளியான மைய அரசின் கழிவுநீர்க் கையேடு வகுத்த அளவு இது: ஊர்ப்புறத்துக் குடியிருப்புகளில் கால்வாய் ஆண்டுக்கு இருமுறை வழிந்தாலும் பாதகமில்லை, நடுவூரிலும் நிலவிலை உயர்ந்த குடியிருப்பிலும் ஆண்டுக்கு ஒருமுறை, வாணிகத் தெருவிலும் விலை மிக்க நிலத்திலும் ஈராண்டுக்கு ஒருமுறை.

இதனைப் படித்தபோது நாம் சற்றே திகைத்தோம். எண்கள் பக்கச்சார்பற்றவை என்று எண்ணியிருந்தோர்க்கு, நிலத்தின் விலையே மழையின் அளவாய் நிற்கக் காண்பது வியப்பாகத்தான் இருக்கும். பொருளாதார நோக்கில் இதற்கு நியாயம் சொல்வர்: விலையுயர்ந்த பண்டம் இருக்குமிடத்தில் நட்டமும் பெரிது, ஆகவே அங்கே காவலும் பெரிது வேண்டும் என்பர். ஆயின் கடையில் நீர் புகுந்தால் சரக்குக் கெடும்; ஊர்ப்புறத்து ஓரறைக் குடிசையில் நீர் புகுந்தாலோ அடுப்பும் பாயும் பிள்ளையின் புத்தகமும் ஒருங்கே கெடும். நட்டத்தை ரூபாயால் அளந்தால் முன்னது பெரிது. அவரவர் உடைமையில் எத்தனை பங்கு என்று அளந்தால் பின்னது பெரிது. எவ்வளவால் அளப்பது என்பதை எந்த மழைமானியும் சொல்லாது. 2019-ஆம் ஆண்டு மழைநீர் வடிகாலுக்கெனத் தனியே ஒரு கையேடு வெளியாயிற்று. அதில் பெருநகரங்களுக்கான அளவுகள் உயர்த்தப்பட்டன. நடுவூர்க்கு ஓரளவும் ஊர்ப்புறத்துக்கு ஓரளவும் என்னும் வேற்றுமை மட்டும் முற்றும் நீங்கவில்லை.

அளவு தாழ்ந்தால் யாது நேரும் என்பதற்கு மும்பை சான்று. அந்நகரின் பழைய கால்வாய்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கு அமைந்தவை. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுருசில் 24 மணியில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அதன் பின்னரே அளவை மணிக்கு 50 மில்லிமீட்டராக உயர்த்தும் பணி விரைவுற்றது. நம் மாவட்டத்திலும் 2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துக் கனமழையில் குளங்களும் கால்வாய்களும் உடைப்பெடுத்தன. நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே இருப்புப்பாதையில் மண் சரிந்து புகைவண்டிகள் நின்றன. இத்தகைய மழைகள் பழைய பதிவுகளில் அரியவை. ஆனால் காற்று ஒரு டிகிரி வெப்பமடைந்தால் அது தாங்கும் நீராவி ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு மிகும் என்பது பௌதிக நூலார் துணிபு. வெப்பமேறி வரும் உலகில், பாட்டன் காலத்துப் பதிவைக்கொண்டு பத்தாண்டு மழை என்று நாம் பெயரிட்டது, பேரன் காலத்தில் ஐந்தாண்டு மழையாகவும் கூடும்.

அணைகளுக்கு விதி இதனினும் கடியது. பெரிய அணை உடைந்தால் கீழேயுள்ள ஊர்களுக்கு உயிர்ச்சேதம் நேருமாதலால், அங்கே இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்னும் பேச்சே இல்லை. பெய்யக்கூடிய பெருமழைக்கு எல்லை எதுவோ அதுவே திட்டமழை. 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணைக்கு, இந்நூற்றாண்டில் கூடுதலாக மறுகால் கட்டவேண்டி வந்ததும் வெள்ளக்கணக்கு மறுபடி பார்க்கப்பட்டதன் பயனே.

கூரையினின்றும் இறங்கிய நீர் தெருவுக்கும், தெருவினின்றும் சானலுக்கும், சானலினின்றும் குளத்துக்கும், குளத்தின் மறுகால்வழியே பழையாற்றுக்கும் சென்று, சுசீந்திரத்தைக் கடந்து மணக்குடியில் கடலை அடைகின்றது. இச்சங்கிலியில் மேற்கண்ணியை மட்டும் பெரிதாக்கினால், வெள்ளம் கீழ்க்கண்ணியாருக்கு இடம் மாறுமேயன்றி நீங்காது. நாகர்கோவிலின் தெருக்கால்வாயை அகலப்படுத்துவோர், அது விழும் குளம் தூர்ந்திருக்கின்றதா என்று முன்னரே பார்த்தல் வேண்டும். மணக்குடியிலும் ஒரு செய்தி உண்டு. கடலலை மணலைக் குவித்து ஆற்றின் பொழியை அடைப்பது இக்கரையில் இயல்பு. பெருமழைக்கு முன் மண்வெட்டியாலோ இயந்திரத்தாலோ பொழியை வெட்டிவிடுவர். பொழி மூடிக்கிடக்கும் நாளில் கடல் ஏற்றமும் சேருமாயின், ஆண்டுதோறும் பெய்யும் சாதாரண மழைக்கே பழையாற்றின் நீர் வயல்களில் எதிரேறி நிற்கும்; அப்பொழுது மேலேயுள்ள கால்வாயை ஈராண்டு மழைக்குக் கட்டினரோ, ஐந்தாண்டு மழைக்குக் கட்டினரோ, நீருக்கு வேற்றுமை தெரியாது.